அடைப்புக்குள் குவியும் காவல் புரதங்கள்

காலில் அடிபட்டுக் கன்றிய இடத்தை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். முதலில் சிவந்து ஊதாவாகும். பிறகு ஓரங்களில் பச்சை படரும். கடைசியில் மஞ்சளாகி மறைந்துவிடும். தோலுக்கு அடியில் கசிந்த சிவப்பணுக்கள் உடையும்போது, ஹீமோகுளோபினுக்குள் இருந்த ஹீம் என்ற இரும்புச் சேர்மம் வெளியே வருகிறது. ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி அதை வெட்டிப் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருளாக்குகிறது. இன்னொரு நொதி அந்தப் பச்சையை மஞ்சள் நிறப் பிலிரூபினாக்குகிறது. கன்றிய தோலில் நாம் பார்ப்பது ஒரு துப்புரவுப் பணி.

இதே பணி இதயத் தமனியின் சுவருக்குள்ளும் நடக்கிறது. அதை நம் கண்ணால் பார்க்க முடிவதில்லை. மருத்துவர் ஆஞ்சியோ செய்துவிட்டு ‘அடைப்பு’ என்று சொல்லும்போது, குழாயின் உட்புறத்தில் அழுக்கு ஒட்டியிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். படிவு இருப்பது உட்பரப்பின் மேல் அல்ல, சுவரின் சதைக்குள். கொழுப்பும், இறந்த செல்களும், நார்களும், சுண்ணாம்பும் சேர்ந்த அந்தத் திரட்சிக்குள் காலப்போக்கில் மெல்லிய புது நாளங்கள் முளைக்கின்றன. அவை எளிதில் கிழிந்து கசியும். கசிந்த இரத்தத்திலிருந்து ஹீம் வெளியாகும். அதிலுள்ள இரும்பு, சுற்றியுள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்யத் தூண்டும். அப்போது அங்கே ஹீம் ஆக்சிஜனேஸ்-1 பெருகுகிறது. ஆரோக்கியமான தமனியில் தேடினாலும் அரிதாகவே கிடைக்கும் இந்தப் புரதம், நோயுற்ற தமனியின் உட்பட்டைச் செல்களிலும் கொழுப்பை விழுங்கிய வெள்ளணுக்களிலும் நிறைந்திருப்பதை 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டார்கள். கழுத்துத் தமனியில் வெடிக்கும் நிலையிலுள்ள படிவுகளில் அது இன்னும் கூடுதலாக இருப்பதும் பின்னர் தெரிந்தது.

நோய் முற்ற முற்ற ஒரு புரதம் கூடுகிறது என்றால், அதுதான் நோய்க்குக் காரணமோ என்று ஐயம் வருவது இயல்பு. கார்த்திகை மழையில் ஏரிக்கரையைச் சுற்றி வந்தவர்களுக்கு விடை தெரியும். எந்த இடத்தில் மணல்மூட்டை அதிகமாக அடுக்கியிருக்கிறதோ, அந்த இடத்தில்தான் கரை பலவீனம். மூட்டையால் கரை அரித்தது என்பதும் தவறு. மூட்டை இருப்பதால் இனிப் பயமில்லை என்பதும் தவறு. தமனிக்குள் இருக்கும் காவல் புரதங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு தவறுகளையும் மாறி மாறிச் செய்திருக்கிறோம். இரண்டாவது தவறுதான் மருந்துக் கடைகளில் பெரிய வியாபாரமாகியிருக்கிறது.

மூட்டையை எடுத்துவிட்டால் என்னாகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. இரண்டு மரபணுப் பிரதிகளும் பழுதாகி, ஹீம் ஆக்சிஜனேஸ்-1 அறவே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி ஜப்பானின் கனசாவா நகர மருத்துவர்கள் 1999-இல் எழுதினார்கள். மனிதரில் அப்படிப் பதிவான முதல் நோயாளி அவன்தான். இரத்த அணுக்கள் ஓயாமல் உடைந்துகொண்டிருந்தன. வழக்கமாக அப்படி உடைந்தால் மஞ்சள் காமாலை வர வேண்டும். அவனுக்கோ பிலிரூபின் மிகக் குறைவாகவே இருந்தது. இரத்த நாளங்களின் உட்பட்டை சிதைந்துகொண்டே வந்தது. ஆறு வயதில் அவன் இறந்த பிறகு நடந்த பரிசோதனையில், பெருந்தமனியில் கொழுப்புப் படிவின் தொடக்கம் தெரிந்தது. அவனுக்கு இரத்தக் கொழுப்பும் உயர்ந்திருந்ததால் பழி முழுவதையும் ஒரே புரதத்தின் இன்மை மீது போட முடியாது. ஆனால், தமனி நோய்க்கென வளர்க்கப்பட்ட எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோதும் படிவுகள் மோசமாயின. காவலன் காவலன்தான் என்பது அதன்பின் உறுதியாயிற்று.

எதிலிருந்து காவல் என்று கேட்டால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். கெட்ட கொழுப்பு என்று நாம் பெயரிட்டிருக்கும் எல்.டி.எல். துகளை, அதன் இயல்பான வடிவில், தமனிச் சுவரின் விழுங்கணுக்கள் அளவுக்கு மீறி விழுங்குவதில்லை. 1979-இல் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் மைக்கேல் பிரவுனும் ஒரு விந்தையைக் காட்டினார்கள். எல்.டி.எல். துகளை வேதியியல் முறையில் சற்றே மாற்றிக் கொடுத்தால், அதே விழுங்கணுக்கள் கட்டுப்பாடின்றி விழுங்கி உப்பிவிடுகின்றன. உடலுக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது? சான் டியகோவில் டேனியல் ஸ்டைன்பர்க்கின் குழு 1980-களில் ஆக்சிஜனேற்றத்தைச் சுட்டிக்காட்டியது. எண்ணெய் காறிப்போவதும் இதே வேதிவினைதான். தமனிச் சுவருக்குள் சிக்கிய எல்.டி.எல். துகளின் கொழுப்பு காறிப்போகிறது, காறிய துகளை விழுங்கணு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது, விழுங்கி விழுங்கி நுரைச் செல்லாகிறது, அங்கேயே மடிகிறது.

இங்கிருந்து ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றியது. ஆக்சிஜனேற்றம் கெடுதல் என்றால், அதைத் தடுக்கும் வைட்டமின்களை மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே! 1996-இல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வைட்டமின் ஈ மாரடைப்பைக் குறைப்பதாகக் காட்டி ஆசையை வளர்த்தது. பெரிய சோதனைகள் வந்தபோது அந்த ஆசை நிற்கவில்லை. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,541 பேரிடம் நாலரை ஆண்டுகள் வைட்டமின் ஈ-யைச் சோதித்தும் பயனில்லை. 2002-இல் பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்தாண்டு சோதித்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. அதற்கு முன்பே, பின்லாந்தில் பீட்டா கரோட்டின் எடுத்த புகைப்பிடிப்போரிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ‘ஆன்டி-ஆக்சிடன்ட் நிறைந்தது’ என்ற வாசகம் தேநீர்ப் பொட்டலம் முதல் சத்துமாவு டப்பா வரை ஒட்டப்பட்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய குடும்பங்கள், ஏற்கனவே கரைந்துபோன சேமிப்பிலிருந்து இந்த மாத்திரைகளுக்கும் பணம் எடுத்து வைக்கின்றன.

வைட்டமின் ஏன் தோற்றது என்பதற்குத் தமனிக்குள்ளேயே விடை இருந்தது. 1995-இல் சிட்னியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மனிதத் தமனிப் படிவுகளை எடுத்து அளந்தார்கள். காறிய கொழுப்பு ஏராளமாக இருந்தது. அதன் பக்கத்திலேயே வைட்டமின் ஈ-யும் வைட்டமின் சி-யும் போதுமான அளவில் இருந்தன. இல்லாத பொருளை மாத்திரையால் நிரப்புகிறோம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. சில சூழல்களில், துணைக்கு வேறு பொருள்கள் இல்லாதபோது, வைட்டமின் ஈ தானே தீவிர மூலக்கூறாக மாறி எல்.டி.எல். துகளுக்குள் வினையைத் தொடர்ந்து கடத்துகிறது என்பதையும் அதே குழுவினர் காட்டியிருந்தனர்.

உடல் தன் காவலுக்கு நம்பியிருப்பது முதன்மையாக நொதிகளை. வைட்டமின் மூலக்கூறு ஒன்று ஓர் அம்பு போல. ஒரு முறை எய்தால் முடிந்தது, யாராவது மீட்டுத் தர வேண்டும். நொதி தன் வேலையை முடித்ததும் பழைய நிலைக்கு வந்து அடுத்ததற்குத் தயாராகிறது. வேகத்திலும் ஒப்பிட முடியாத வேறுபாடு. 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்த சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் என்ற நொதி, சூப்பராக்சைடு என்ற தீவிர மூலக்கூறுடன் வைட்டமின் சி-யைவிடப் பல ஆயிரம் மடங்கு விரைவாக வினைபுரிகிறது. அந்த வேகம் ஆடம்பரமில்லை. தமனியை விரித்துத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சூப்பராக்சைடு கண்ணிமைக்கும் முன் பிடித்து, பெராக்சிநைட்ரைட் என்ற நாசப்பொருளாக்கிவிடும். இந்தப் பந்தயத்தில் முந்த வல்லது நொதி ஒன்றுதான்.

நொதி இருக்கும் இடமும் முக்கியம். டிஸ்மியூடேஸில் மூன்று வகை உண்டு. ஒன்று செல்லின் நீர்மத்தில் இருக்கிறது, ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள். மூன்றாவது வகை செல்லுக்கு வெளியே சுரக்கப்பட்டு, தமனிச் சுவரின் இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. மனிதத் தமனிச் சுவரில் இந்த வெளிவகைக்குப் பெரும் பங்கு உண்டு. நைட்ரிக் ஆக்சைடு உட்பட்டையிலிருந்து தசைக்குப் போகும் வழியிலேயே அது காவல் நிற்கிறது. இழையில் ஒட்டும் பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய மரபுடன் பிறந்தவர்களுக்கு இந்த நொதி சுவரில் தங்காமல் இரத்தத்தில் கழன்று மிதக்கிறது. கோபன்ஹேகனில் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் கூடுதலாக இருந்தது. அவர்கள் இரத்தத்தில் நொதி பல மடங்கு இருந்தது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் அது இல்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் கூடியிருப்பதை மட்டும் பார்த்து மகிழக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டிஸ்மியூடேஸ் தன் வேலையை முடித்ததும் மிஞ்சுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதுவும் சாதுவான பொருளல்ல. கேட்டலேஸ், பெராக்சிரெடாக்சின், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகியவை அதை வாங்கி நீராக்கினால்தான் வேலை முடியும். இவற்றில் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் செலினியம் தேவைப்படும் நொதி. 2003-இல் ஜெர்மனியில் 636 நோயாளிகளிடம் சிவப்பணுக்களில் இந்த நொதியின் செயல்பாட்டை அளந்து பின்தொடர்ந்தபோது, செயல்பாடு அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் இதய மரணமும் தெளிவாகக் குறைந்திருந்தன. உடனே செலினியம் மாத்திரை என்று ஓடத் தோன்றும். போதிய உணவு உண்பவருக்குக் கூடுதல் செலினியம் இதயத்தைக் காக்கவில்லை என்பது 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில் தெரிந்துவிட்டது.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த புரதத்துக்கு வருகிறேன். அதன் பெயர் பாராஆக்சனேஸ்-1. பெயரே ஒரு பூச்சிமருந்திலிருந்து வந்தது. பாரத்தியான் என்ற மருந்து உடலுக்குள் பாராஆக்சான் என்ற கொடிய நஞ்சாக மாறுகிறது. அதை உடைக்கும் திறன் இந்த நொதிக்கு உண்டு என்பதால் அந்தப் பெயர். பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகளின் நஞ்சுடன் அவசரப் பிரிவுக்கு வருவோரைக் கண்டுவரும் நம் ஊர் மருத்துவர்களுக்கு இது அன்னியமான பெயரல்ல. இந்த நொதி குறைவாக உள்ள பறவைகள் இவ்வகை நஞ்சுக்கு எளிதில் பலியாகின்றன. பிறந்த குழந்தைகளிடமும் இது குறைவு. தெளிக்கும் வயலுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டும் வழக்கத்தை நினைத்தால் இந்தத் தகவல் நெஞ்சைப் பிசைகிறது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பூச்சிமருந்துக்காக ஓர் உயிரினம் தொன்றுதொட்டு ஒரு நொதியைச் சுமந்திருக்காது. வேறு வேலை இருந்தாக வேண்டும். பாராஆக்சனேஸ் கல்லீரலில் உருவாகி, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல். துகளின் முதுகில் ஏறி இரத்தத்தில் பயணம் செய்கிறது. 1991-இல் மான்செஸ்டரில் மைக்கேல் மேக்னெஸ், பால் டரிங்டன் உள்ளிட்ட குழுவினர், எல்.டி.எல். துகளுடன் இந்த நொதியைச் சேர்த்தபோது அதில் கொழுப்புப் பெராக்சைடுகள் சேர்வது குறைந்ததைக் காட்டினார்கள். 1998-இல் கலிஃபோர்னியாவில் இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளை வளர்த்தார்கள். பூச்சிமருந்து அவற்றை எளிதில் தாக்கியது. கொழுப்பு நிறைந்த தீவனம் கொடுத்தபோது தமனிப் படிவும் கூடியது. ஒரே காவலாளி இரண்டு வாசல்களில் நின்றிருக்கிறான்.

1997-இல் அதே மான்செஸ்டர் குழு, மனிதத் தமனித் துண்டுகளில் பாராஆக்சனேஸைச் சாயமிட்டுத் தேடியது. நல்ல தமனியில் சிறிதளவே இருந்தது. நோய் முற்றிய தமனியில் பெருகியிருந்தது. இங்கேயும் அதே புதிர்தான், அதே ஏரிக்கரைதான். இருந்தும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பொருள் கொண்டு சாயமிடும் முறை, புரதம் அங்கே இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. பாராஆக்சனேஸ் காறிய கொழுப்புடன் போராடும்போது தானே ஆக்சிஜனேற்றமாகிச் செயலிழக்கக் கூடியது. வெள்ளணுக்கள் கக்கும் மயலோபெராக்சிடேஸ் என்ற நொதி, தமனிச் சுவருக்குள் வந்த எச்.டி.எல். துகளையும் அதன் மேலிருக்கும் புரதங்களையும் தாக்கிச் சிதைக்கிறது. ஆக, சாயத்தில் பளிச்சென்று தெரியும் காவலர்களில் எத்தனை பேர் விழுந்து கிடப்பவர்கள் என்பதைச் சாயம் காட்டாது.

மரபணு ஆய்வுகள் தந்த ஏமாற்றமும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பாராஆக்சனேஸ் மரபணுவின் வேறுபாடுகளை 43 ஆய்வுகளிலிருந்து 11,212 இதய நோயாளிகளிடமும் 12,786 மற்றவர்களிடமும் தொகுத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். நோயுடன் தொடர்பு மிக மெலிதாகவே தெரிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, கிளீவ்லாந்தில் 1,399 பேரிடம் மரபணுவோடு நொதியின் செயல்பாட்டையும் அளந்தபோது, செயல்பாடு குறைந்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் கூடுதல் என்று தெளிவாக வந்தது. ஒருவர் எந்த மரபணுவோடு பிறந்தார் என்பதைவிட, அந்த நொதி இன்று எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. அதற்காக அளவீடு ஒன்றே காரணத்தை நிறுவிவிடாது. ஹீம் ஆக்சிஜனேஸ் தரும் பிலிரூபின் இரத்தத்தில் குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொன்னன. ஆனால் பிறவியிலேயே பிலிரூபின் உயர்ந்திருக்கும் மரபு கொண்டவர்களை டென்மார்க்கில் பெருந்தொகையாக ஆராய்ந்தபோது, அந்த மரபு அவர்களைக் காத்ததாகத் தெரியவில்லை. காவலர் குறைவதால் நோய் வருகிறதா, நோய் தின்றதால் காவலர் குறைந்தார்களா என்பதை ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியே கேட்டாக வேண்டியிருக்கிறது.

படிவு ஏன் தமனி முழுவதும் சீராக வருவதில்லை? கொழுப்பு நிறைந்த இரத்தம் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே ஓடுகிறது. ஆனால் அடைப்புகள் கிளை பிரியும் இடத்திலும் வளைவின் உட்புறத்திலும்தான் விரும்பி அமர்கின்றன. வேகமான ஓட்டம் சுவரைத் தேய்ப்பதால் நோய் வருகிறது என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. 1969-இல் லண்டனில் காலின் காரோவும் சக ஆய்வாளர்களும் அதைத் தலைகீழாக்கினார்கள்: ஓட்டம் மந்தமாகி உரசல் குறையும் இடத்தில்தான் படிவு தொடங்குகிறது. வாய்க்கால் மதகைத் தாண்டிச் சுழலும் இடத்தில் வண்டல் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. தமனியில் மட்டும் வண்டல் தானாக விழுவதில்லை. சுவர் உயிருள்ளது, ஓட்டத்தை அது உணர்கிறது. சீரான ஓட்டம் உட்பட்டைச் செல்களைத் தடவிக்கொண்டே போகும் இடத்தில் கே.எல்.எஃப்.2, என்.ஆர்.எஃப்.2 என்ற இரண்டு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் விழித்திருக்கின்றன. இரண்டாவதைக் கீப்1 என்ற புரதம் சாதாரணமாகப் பிடித்து வைத்து அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் வந்தால் பிடி தளரும், விடுபட்ட என்.ஆர்.எஃப்.2 செல்லின் உட்கருவுக்குள் போய், ஹீம் ஆக்சிஜனேஸ்-1 உள்ளிட்ட காவல் நொதிகளின் மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடும். சுழல் விழும் வளைவுகளில் இந்த விழிப்பு குறைவு. அதாவது, நோய் வருவதற்கு முன்பே அங்கே காவல் மெலிந்திருக்கிறது. நோய் வந்தபின் மூட்டைகள் குவிகின்றன.

அப்படியானால் என்.ஆர்.எஃப்.2-வை ஒரு மருந்தால் முடுக்கிவிடலாமே என்றால், அங்கேயும் பாடம் காத்திருந்தது. தமனி நோய் எலிகளில் என்.ஆர்.எஃப்.2-வை முழுவதும் நீக்கியபோது படிவு கூடவில்லை, குறைந்தது. விழுங்கணுக்களுக்குள் அது வேறு முகம் காட்டுகிறது: கொழுப்பை உள்வாங்குவதற்கும், கொழுப்புப் படிகங்கள் தூண்டும் அழற்சிக்கும் துணைபோகிறது. உட்பட்டையில் நண்பன், விழுங்கணுவில் அவ்வளவு நம்பத் தகுந்தவனல்லன். மனிதரில், இந்தப் பாதையைத் தூண்டும் பார்டாக்சலோன் என்ற மருந்தை, சிறுநீரகம் வெகுவாகப் பழுதான 2,185 நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்தார்கள். இதயச் செயலிழப்பு கூடியதால் 2012-இல் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது.

மருந்தில்லாத வழிகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. புகைப்பவர்களின் இரத்தத்தில் பாராஆக்சனேஸ் அளவும் செயல்பாடும் குறைந்திருக்கின்றன. விட்டவர்களிடம் அது புகைக்காதவர்களின் நிலைக்குத் திரும்பியிருக்கிறது. நீரிழிவும் அதைக் குறைக்கிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது (பாதிப் பேருக்கு அதற்கு முன்பே வந்துவிடும்) 53, பிற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. புகையும் சர்க்கரையும் நம்மிடையே இளவயதிலேயே கைகோத்திருப்பதை அதனுடன் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பாராஆக்சனேஸ் செயல்பாட்டைச் சற்று உயர்த்துகின்றன. ஆனால் அவற்றின் பெரும்பயன் காறிப்போக இருக்கும் சரக்கையே குறைப்பதில்தான் இருக்கிறது. அதனால், வைட்டமின் வாங்குவதற்காக ஸ்டாட்டினை நிறுத்துபவர்களைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

நடையைப் பற்றி ஒரு நல்ல சோதனை உண்டு. 2000-இல் வெளியான ஆய்வில் எலிகளை மூன்று வாரம் ஓடவைத்தார்கள். ஓடும்போது இரத்த ஓட்டம் கூடி உட்பட்டையைத் தடவுகிறது. அது நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. ஓடிய எலிகளின் பெருந்தமனியில், சுவரின் இழைகளில் ஒட்டி நிற்கும் அந்த வெளிவகை டிஸ்மியூடேஸ் உயர்ந்திருந்தது. நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதி இல்லாத எலிகள் அதே மூன்று வாரம் ஓடியும் அது உயரவில்லை. தமனி தான் காக்க வேண்டிய வாயுவையே சைகையாக வைத்துத் தன் காவலரை அழைத்திருக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் வந்து நின்ற இடம், நிற்க வேண்டிய அதே இடம்.